மஞ்சள் சட்டைப் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

2012 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியத்தின் அப்போதைய தலைவர் பாட் மெக்குவைட், ஊக்கமருந்துக் குற்றத்தில் சிக்கிய அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்குச் சைக்கிளோட்டத்தில் இனி இடமில்லை என்று அறிவித்தார். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டூர் டி பிரான்ஸ், அதாவது பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயத்தின்போது, ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் நான் எடுத்த படங்கள்; முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையோடு ஆம்ஸ்ட்ராங். ஒவ்வொன்றின் அடியிலும் நானே தட்டச்சு செய்த படக்குறிப்பு. 'டூர் டி பிரான்ஸ் சாம்பியன்', 'ஐந்தாவது முறை வெற்றி', 'மலைகளின் மன்னன்'. அவர் வென்ற, 1999 முதல் 2005 வரையிலான ஏழு டூர்களுக்கும் இப்போது வெற்றியாளரே கிடையாது. இரண்டாவதாக வந்தவருக்கும் பட்டம் தரப்படவில்லை. பட்டியலில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. படங்கள் அப்படியே இருந்தன. வெளிச்சம், வேகம், முகம் எல்லாம் சரியாகவே விழுந்திருந்தன. அடியில் இருந்த வரிகள்தான் பொய்யாகிப்போயிருந்தன. விடிய விடியத் திருத்தினேன்.

இருபது வருடங்களுக்கும் மேலாகச் சைக்கிள் பந்தயங்களைப் படமெடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். சுவிட்சர்லாந்தில் வசிக்கிறேன். யூ.சி.ஐ. எனப்படும் அந்த ஒன்றியத்தின் தலைமையகமும் இங்கேதான், ரோன் பள்ளத்தாக்கில் ஏகிள் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் இப்போது இந்த விளையாட்டில் ஆர்வமாக இருக்கிறார்கள்; பந்தயம் பார்க்கவும் படமெடுக்கவும் வருகிறார்கள். என்ன லென்ஸ், என்ன ஷட்டர் வேகம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். லென்ஸில் அகப்படாத விஷயங்களைப் பற்றியும் அவர்களிடம் பேச வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில், எங்கே நிற்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள். மலையிலிருந்து மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி வருபவர் பிடி தவறினால் வந்து விழுவது அங்கேதான். அகலக்கோண லென்ஸில் பத்தடி தள்ளி வருவதுபோலத் தெரியும் சைக்கிள், உண்மையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கைபேசித் திரையிலும் இதே ஏமாற்றம்தான். 1994 டூரில் ஆர்மென்டியேர் நகரில், வேகமாக வந்துகொண்டிருந்த வீரர் கூட்டத்தைப் படமெடுக்கத் தடுப்பைத் தாண்டி நின்றவர் ஒரு காவலர். பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டவர். வில்ஃப்ரீட் நெலிசன் என்ற வீரர் அவர்மீது மோத, பலர் சரிந்தார்கள். இன்னொரு வீரர் லோரான் ஜலபேரின் முகம் இரத்தத்தில் நனைந்தது. 1999இல் ஆல்ப் துவேஸ் மலை உச்சியை நெருங்கிக்கொண்டிருந்த ஜுசெப்பே குவெரினியின் முன்னால் ஒரு ரசிகர் கேமராவோடு வந்து நின்றார். குவெரினி விழுந்து, எழுந்து, அன்றைய கட்டத்தை, அதாவது அந்த ஒருநாள் ஓட்டத்தை, வென்றார். 2018இல் அதே மலையில் வின்சென்சோ நிபாலி விழுந்தபோது முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. ரசிகர் ஒருவரின் கேமரா வார் சிக்கியதாகச் செய்திகள் வந்தன. பந்தயத்துக்குப் போகும் நாளில் நான் கேமரா வாரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இனி, படத்தில் தெரியாதவை.

என்னிடம் ஒரு பழைய படம் இருக்கிறது. செங்குத்தான ஏற்றம். முன்னால் வரும் வீரரின் கழுத்தோரம் வியர்வை காய்ந்து உப்புக்கோடு தெரிகிறது. பின்னால் வரும் மூவரும் மீன் மாதிரி வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறார்கள். இவர் வாயை மூடிக்கொண்டு ஏறுகிறார். என்ன நிதானம், என்ன பயிற்சி என்று நினைத்துத்தான் ஷட்டரை அழுத்தினேன். இன்று அதே படத்தைப் பார்க்கும்போது மனம் வேறு ஏதோ சொல்கிறது. ஆனால் படம் எதையும் சொல்வதில்லை. பெரிதாக்கிப் பார்த்தாலும் இரத்தம் தெரியாது.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இரத்தம் ஊற அவருக்குப் போடும் ஊசியைப் பார்த்திருப்பீர்கள். எரித்ரோபொய்டின், சுருக்கமாக ஈ.பி.ஓ. நல்ல சிறுநீரகம் தானே சுரக்கும் பொருள்தான். சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் சேதி அனுப்பும். நோயாளிக்கு அது உயிர்க்காப்பு. நல்ல உடம்புக்காரர் போட்டுக்கொண்டால் சிவப்பணு கூடும், தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும், மலையேற்றத்தில் கால் சோராது. கூடவே இரத்தமும் கெட்டிப்படும். அது உறைந்து இதயத்தையோ மூளையையோ அடைக்கும் ஆபத்து வரும். 1990களில் இந்த ஊசி வீரர் கூட்டத்துக்குள் தாராளமாகப் புழங்கியது. கண்டுபிடிக்கச் சோதனை இல்லை. யூ.சி.ஐ. 1997இல் ஒரு வரம்பு வைத்தது: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் 15 நாள் ஓய்வு. தண்டனை என்று சொல்லவில்லை, உடல்நலக் காரணம் என்றார்கள். விளைவு என்ன தெரியுமா? 50 என்பது இலக்காகிவிட்டது. ஓட்டல் அறையில் சின்ன இயந்திரத்தில் இரத்தத்தைச் சுழற்றிப் பார்த்து, 49ஐத் தொடும்வரை ஏற்றிக்கொண்டார்கள். தாண்டினால் உப்புநீர் ஏற்றிக் குறைத்தார்கள். 1999 ஜூன் 5 காலை, இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தில் முன்னணியில் இருந்த மார்கோ பந்தானிக்கு 52 வந்தது. மதோன்னா தி காம்பீலியோவிலேயே அவர் நிறுத்தப்பட்டார். அதிலிருந்து அவர் மீளவே இல்லை. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினியில் ஒரு ஓட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயது 34. தலையில் துணி கட்டிக்கொண்டு, கைப்பிடியின் அடிப்பகுதியைப் பற்றி எழுந்து நின்று ஏறும் அவரைப் போல அழகான உருவம் எந்தக் கேமராவுக்கும் அதற்குப்பின் கிடைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பிரான்ஸின் வென்டூ மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளைக் கற்களுக்கு நடுவே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1967 ஜூலை 13 அன்று டூரின்போது கொளுத்தும் வெயிலில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்த இடம். 1965இல் உலக சாம்பியன் ஆனவர். அவர் சட்டைப் பையில் ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்கமருந்து மாத்திரைகள் இருந்தன. ஏறி வரும் சாதாரண சைக்கிள்காரர்கள் இன்றும் அங்கே தண்ணீர் பாட்டிலையும் தொப்பியையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் போனபோது ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. அதை மட்டும் ஒரு படம் எடுத்தேன். அவர் இறப்பதற்கு ஒரு வருடம் முன்னால், 1966 டூரில், ஊக்கமருந்துச் சோதனை வேண்டாம் என்று வீரர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி நடந்தே எதிர்ப்புக் காட்டியிருந்தார்கள்.

பெரிய மோசடிகள் வெளிவந்த வழியைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். முடிவுக்கோட்டில் எடுத்த சிறுநீர் மாதிரி அவற்றைக் காட்டிக்கொடுத்தது குறைவு. 1998 ஜூலை 8 அன்று பெல்ஜியம்-பிரான்ஸ் எல்லையில் சுங்கத்துறையினர் ஒரு காரை நிறுத்தினார்கள். ஃபெஸ்டினா அணிக்கு மசாஜ் முதல் தண்ணீர் பாட்டில் வரை பார்த்துக்கொண்ட வில்லி வூட் ஓட்டிவந்த கார். உள்ளே ஈ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், ஊசிகள். அணியே டூரிலிருந்து வெளியேற்றப்பட்டது. அடுத்த ஆண்டு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா உருவாக அதுதான் முக்கியத் தூண்டுதல். 2006இல் மத்ரித்தில் மருத்துவர் எஃபெமியானோ ஃபுவென்டெஸ் வீரர்களுக்கு ஏற்றுவதற்காகச் சேமித்துவைத்திருந்த இரத்தப் பைகளைப் பிடித்தது போலீஸ். 2007இல் மஞ்சள் சட்டையோடு இருந்த மிகேல் ராஸ்முஸன் மெக்சிகோவில் பயிற்சி செய்ததாகச் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் அவரை இத்தாலிய மலைகளில் பார்த்ததாக முன்னாள் வீரர் டாவிடே கசானி சொன்னார். அணி அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. ஆம்ஸ்ட்ராங் வழக்கில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் 26 பேர் சாட்சி சொன்னார்கள், அவர்களில் 11 பேர் பழைய அணித் தோழர்கள். சோதனைகளில் தேறிவந்தேன் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரை வீழ்த்தியது மனிதர்களின் வாய்ச்சொல்.

அந்த வாயை அடைக்கத்தான் எவ்வளவு முயன்றார்கள்! 1999 டூரில் கிறிஸ்டோஃப் பஸோன் என்ற இளம் பிரெஞ்சு வீரர் ஊக்கமருந்து பற்றிப் பத்திரிகையில் எழுதினார். கூட்டத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. வீட்டுக்குப் போ என்று ஆம்ஸ்ட்ராங் நேராகவே சொன்னார். அவர் பாதியில் போய்விட்டார். 2004 ஜூலை 23 அன்று ஃபிலிப்போ சிமியோனி என்ற இத்தாலிய வீரர் முன்னே பிரிந்து போன சிறு குழுவோடு சேர முயன்றார். ஆம்ஸ்ட்ராங்கோடு வேலை செய்த மருத்துவர் மிகேலே ஃபெராரிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அவர். மஞ்சள் சட்டையில் இருந்த ஆம்ஸ்ட்ராங், அந்தக் கட்டத்தால் தனக்கு எந்த லாபமும் இல்லாதபோதும், தானே துரத்திப் போய்ப் பிடித்தார். கூட்டத்துக்குத் திரும்பிய பிறகு கேமராவைப் பார்த்து, விரலால் உதட்டுக்கு ஜிப் போடுவதுபோலக் காட்டினார். உலகமே பார்த்தது. பலர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டோம். இரத்தத்தைக் காட்ட முடியாத கேமரா, மௌனத்தை அப்பட்டமாகக் காட்டிய நாள் அது. எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டின் மிக முக்கியமான காட்சி அதுதான். அன்று அதற்குச் சரியான குறிப்பு எழுத எங்களில் பெரும்பாலானோருக்குத் துணிவு வரவில்லை.

நிர்வாகத்துக்கு வருகிறேன். விளையாட்டை வளர்க்க வேண்டிய அமைப்பும், தப்புச் செய்தவரைப் பிடிக்க வேண்டிய அமைப்பும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும்? பயிருக்கு வேலி போட்டவரே மகசூலுக்கும் கணக்குக் காட்ட வேண்டியவர் என்ற நிலை. 1999இல் ஆம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட கார்டிகோஸ்டீராய்டு மருந்து தெரிந்தபோது, முன்தேதியிட்ட மருந்துச்சீட்டு ஒன்றை யூ.சி.ஐ. ஏற்றுக்கொண்டது. அதே ஆம்ஸ்ட்ராங்கிடம் ஊக்கமருந்துத் தடுப்புப் பணிக்கென்று நன்கொடையும் வாங்கியது. அவற்றில் ஒன்று 1,00,000 டாலர். யாரைச் சோதிக்க வேண்டுமோ அவரிடமே பணம்! 2015 மார்ச்சில் வந்த சுயேச்சை விசாரணைக்குழு அறிக்கை, ஒன்றியத்தின் தலைமை அவருக்குச் சலுகை காட்டியதைப் பக்கம் பக்கமாக விவரித்தது. லஞ்சத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2008 முதல் ஒவ்வொரு தொழில்முறை வீரருக்கும் உயிரியல் கடவுச்சீட்டு உண்டு. ஹீமோகுளோபின் எவ்வளவு, புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள் எவ்வளவு என்று வருடக்கணக்கில் பதிவாகிறது. வெளியிலிருந்து இரத்தம் ஏற்றினால் உடம்பு தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், அந்த இறக்கம் கணக்கில் தெரிந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் தான் எங்கே இருப்பேன் என்று முன்னணி வீரர் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம். 2021 முதல் சோதனைப் பணி ஐ.டி.ஏ. என்ற தனி முகமையிடம் இருக்கிறது. சைக்கிளுக்குள் ஒளித்த மோட்டாரைக்கூட இப்போது தேடுகிறார்கள்; 2016இல் பெல்ஜியத்தின் ஃபெம்கே வான் டென் டிரீஷே அப்படி அகப்பட்டு ஆறு வருடத் தடை பெற்றார்.

போட்டியில் ஓட்டும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் உலகம் முழுக்க விதி. தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது. சளிக்குத் தரும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் அளவு மீறினால் தடைப்பொருள். ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடர் டப்பாவில் என்ன இருக்கிறது என்பது டப்பாமீது எழுதியிருக்கும் என்று நம்பாதீர்கள்.

சந்தேகப்படக் கற்றுக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம் சறுக்குவதையும் பார்த்துவிட்டேன். 2017 ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தில் கிறிஸ் ஃப்ரூமின் மாதிரியில் ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் வரம்புக்கு மேல் இருந்தது. செய்தி கசிந்தது. 2018 ஜூலை 2 அன்று அவர்மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. அந்த டூரில் சாலையோரம் நின்று அவரைக் கத்தித் திட்டியவர்களுக்கு அந்த முடிவு பொருட்டாகவே இல்லை. சந்தேகம் தீர்ப்பு ஆகாது. என் படக்குறிப்பில் இப்போது பெயர், இடம், நாள், அன்றைய கட்டத்தில் எத்தனையாவதாக வந்தார் என்பது மட்டுமே இருக்கும். 'மன்னன்', 'மாவீரன்' கிடையாது. 'மோசடிக்காரர்' என்ற சொல்லும், தீர்ப்பு வராதவரை கிடையாது.

இன்னொன்றையும் மாற்றிக்கொண்டேன். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் வீரருக்குப் பின்னால் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் ஓடிவருவார். சோதனைக்கு அழைக்கப்பட்டவரைக் கண்பார்வையிலிருந்து விடாமல் சோதனை அறைவரை கூட்டிப்போவது அவர் வேலை. அந்த அறைக்குள் எங்களுக்கு அனுமதி இல்லை, கதவுவரைதான். பல வருடங்கள் அந்த மனிதர்களை நான் படத்திலிருந்து வெட்டி எறிந்திருக்கிறேன். ஓரத்தில் இடைஞ்சலாக நிற்பது யார், எடுத்துவிடுங்கள் என்று ஒரு பத்திரிகை ஆசிரியரும் சொன்னதுண்டு. இப்போது வெட்டுவதில்லை. கடந்த கோடையில் எடுத்த ஒரு படத்தில், வென்றவர் தரையில் உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். இரண்டடி தள்ளி ஒரு பெண் கையில் படிவத்தோடு, அவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிறார். குறிப்பில் அவரையும் சேர்த்தேன்: 'வலப்பக்கம், ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைத்துச் செல்லக் காத்திருக்கும் பணியாளர்.'