கிளிவியாவுக்குப் பெரிய தொட்டி வேண்டாம், பிரித்து நடுங்கள்

செப்டம்பர் வந்தால் போதும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் நர்சரிக்கு அழுகிய கிளிவியா பூச்செடிகள் வரத் தொடங்கிவிடும். இந்த வாரம் வந்தது 20 லிட்டர் பெயின்ட் வாளியில் இருந்தது. "தொட்டி நிறைஞ்சுபோச்சுன்னு பெரிசா மாத்தினேன், அப்புறம்தான் இலை மஞ்சளாச்சு" என்கிறார் அதைக் கொண்டுவந்த சாட்ஸ்வொர்த் பகுதி அக்கா. வேரை அமுக்கினால் வெறும் கூழ்.

தொட்டி நிறைந்தால் பெரிய தொட்டி என்பது மாங்கன்றுக்குச் சரி. கிளிவியா இந்த மாகாணத்துக் காட்டு நிழலில், இலைச்சருகில் வளர்கிற செடி. அதன் வேர் தடியானது, தண்ணீரைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொள்ளும். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், நம் கோடை மழையில் கேட்கவே வேண்டாம். அழுகல் அங்கேதான் தொடங்கும். பூக்கவில்லை என்றால் இடம் போதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். நெருக்கடியான தொட்டியில்தான் அது நன்றாகப் பூக்கும். பூக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அடர்ந்த இருட்டு, அல்லது குளிர்காலத்திலும் ஓயாமல் ஊற்றிய தண்ணீர். (1828இல் தாவரவியலாளர் லிண்ட்லி இதற்கு வைத்தது ஆற்காட்டுச் சண்டை கிளைவின் பேத்தி பெயர். அதற்காகச் செடியைப் பழிவாங்க வேண்டாம்.)

பூ முடிந்ததும் பிரியுங்கள். செடியை வெளியே எடுத்து, மண்ணை உதறி, கையாலேயே மெதுவாகப் பிரிக்கப் பாருங்கள். பிரியாத இடத்தில் மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தி. தனக்கென்று வேரும் ஐந்தாறு இலையும் இல்லாத கன்றை விட்டுவிடுங்கள், தாயோடு இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும். வெட்டுக்காயம் ஓரிரு நாள் நிழலில் காயட்டும். உடனே நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் மறுபடி என்னிடம் வருகிறவர்கள். வேர்க்கட்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். கலவையில் கரடுமுரடான மரப்பட்டை நிறைய இருக்கட்டும். இலையும் வேரும் சேரும் கழுத்தைப் புதைக்காதீர்கள். புது இலை வரும்வரை உரமும் வேண்டாம்.

அகபாந்தஸ் என்ற இன்னொரு தோட்டப் பூச்செடிக்கு இத்தனை செல்லம் தேவையில்லை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை, பூ ஓய்ந்த பிறகு, மண்வெட்டியால் பிளந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

கையுறை போடுங்கள். கிளிவியா விஷச்செடி, வெட்டிய துண்டுகளைக் குழந்தையும் நாயும் எட்டாத இடத்தில் போடுங்கள். இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: சாலையோரத்தில் சாக்கில் கட்டி மலிவாக விற்கிற கிளிவியாவை வாங்காதீர்கள். அது காட்டில் தோண்டியதாக இருக்கலாம். கன்று வேண்டுமானால் அத்தை வீட்டில் கேளுங்கள், அங்கே ஏதாவது ஒரு தொட்டி நிச்சயம் பிதுங்கிக்கொண்டிருக்கும்.