உங்கள் பயோடேட்டாதான் வினாத்தாள்

நேர்காணலில் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. வருகிறவர்களில் பலருக்கு நிறுவனத்தின் வரலாறு தண்ணீர் பட்ட பாடு. தொடங்கிய ஆண்டு, கிளைகளின் எண்ணிக்கை எல்லாம் அத்துப்படி. ஆனால் தங்கள் பயோடேட்டாவில் உள்ள ஒரு வரியைத் தொட்டுக் கேட்டால் திணறிப்போகிறார்கள்.

அண்மையில் வந்த ஓர் இளைஞர், 'சரக்கு இருப்புக் கணக்கைச் சீரமைத்தேன்' என்று எழுதியிருந்தார். எப்படி என்று கேட்டேன்.

"நாங்கள் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தோம் சார்."

"அதில் நீங்கள் செய்தது என்ன?"

மறுபடியும் 'நாங்கள்'. நான்காவது முறை கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. திரும்பி வந்த சரக்கை யாரும் பதிவு செய்யாததால்தான் கணக்கு உதைக்கிறது என்று கண்டுபிடித்தவரே அவர்தான். மூன்று வாரம் ரசீதுகளைப் புரட்டியிருக்கிறார்! அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் என் கையில் இருக்கும் மதிப்பெண் தாளில் 'நாங்கள்' என்பவருக்கு மதிப்பெண் போட இடம் இல்லை.

இப்படித் துருவிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணலே வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது என்று அது காட்டியது. 'சிக்கலான ஒரு சூழலைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்' போன்ற கேள்விகள் இந்த வகை நேர்காணலில் வழக்கமானவை. சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்று நான்கையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் சூழலை விவரிப்பதிலேயே நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது மூன்றாவது.

ஆகவே பயோடேட்டாவின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சம்பவத்தைத் தேடி வையுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே முந்தியிருந்தார்கள். சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். தன் குரல் யாருக்கும் முதலில் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. வரிக்கு வரி மனப்பாடம் மட்டும் வேண்டாம். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும்.

உடை சுத்தமாக இருந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். பழைய மேலாளரைத் திட்டாதீர்கள்.

கடைசியில், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்போம். "இல்லை சார்" என்று எழுந்துவிடுபவர்களே அதிகம். ஒரு பெண் மட்டும், "இந்தப் பொறுப்பில் எனக்கு முன் இருந்தவர் எதில் அதிகம் சிரமப்பட்டார்?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களுக்குத்தான் சற்று நேரம் பிடித்தது.