ஏற்றுமதி மீனுக்கு ஐஸ், வீட்டு மீனுக்கு வெயிலா?

"ஐஸ் மீனோ, உடன் மீனோ?" வன்னியில் மீன்காரரை மறித்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி இது. ஐஸ் என்றால் பழசு, ஐஸ் இல்லை என்றால் இன்று பட்டது என்பது நம் கணக்கு. கடலுணவு ஏற்றுமதித் தொழிற்சாலையில் பல வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு, இப்போது முல்லைத்தீவுக் கரையோரத்தில் மீன் கையாளும் பயிற்சி கொடுக்கிறேன். அந்தக் கணக்கு முழுக்கப் பிழை என்பதையும், அதனால் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் வருகிறது என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விடியற்காலையில் கரையில் நின்று பாருங்கள். நண்டு, இறால், கணவாய், களவா எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற சாமான். படகு கரை தட்டும்போதே வியாபாரியின் ஆள் ரெஜிபோம் பெட்டியோடும் உடைத்த ஐஸோடும் காத்து நிற்பார். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன், மேலே மறுபடி ஐஸ். அதே படகில் வந்த சூரையும் கும்பளாவும் சாளையும் படங்கில் கொட்டப்படும். கூறி விற்று முடிய வெயில் ஏறிவிடும். அப்புறம் மோட்டார் சைக்கிள் பெட்டியில் முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று போகும். நம் அடுப்புக்கு வருவது இந்த மீன்.

ஐஸ் அதிகம் தேவைப்படுவதும் இந்த மீனுக்குத்தான். சூரை, கும்பளா, அறக்குளா, சாளை, நெத்தலி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே நிறைய உண்டு. மீன் செத்த பிறகு, செவுளிலும் குடலிலும் இருக்கும் பக்டீரியாக்கள் சூட்டில் பெருகி, அதை ஹிஸ்டமின் என்ற, அளவு கூடினால் சாப்பிடுகிறவரை நோயாக்கும் பொருளாக மாற்றுகின்றன. மீனில் உருவான ஹிஸ்டமினை நம் சமையலறையில் எதுவும் அழிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. பிறகு குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். புளியும் மிளகாய்த்தூளும் தாராளமாகப் போட்ட குழம்பிலும் அதே அளவுதான். உருவாக விடாமல் தடுப்பது ஒன்றே வழி, அதற்கு மீன் செத்த நேரத்திலிருந்து குளிரில் இருக்க வேண்டும்.

மீன் செத்த நேரம் என்றுதான் சொல்கிறேன், கரைக்கு வந்த நேரம் என்று சொல்லவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டியின்படி, காற்றோ தண்ணீரோ 28 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால், மீன் செத்து 6 மணித்தியாலத்துக்குள் ஐஸுக்குள் போய்விட வேண்டும். நம் கடலிலும் கரையிலும் வருடத்தின் பெரும்பகுதி அந்தச் சூடுதான். பின்னேரம் விட்ட வலையில் இரவு செத்த மீன் விடிய வந்து சேரும்போதே அந்த 6 மணித்தியாலத்தில் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் ஏலத்திலும் தெருவிலும் போகிறது.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு மீன்கார அண்ணையின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மேலே மீன், நடுவில் ஈரச்சாக்கு, சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்தாற்போல் கொஞ்சம் ஐஸ். வெப்பமானியைக் குத்தினால் அடியில் கிடந்த மீன் நல்ல குளிர், மேலே கிடந்தது 29 பாகை. ஏன் இப்படி என்று கேட்டேன். "ஐஸைக் கண்டால் சனம் பழைய மீன் எண்டு வாங்காது தங்கச்சி. ஐஸுக்கும் காசு, மீனும் மிஞ்சினால் நான் என்ன செய்யிறது?" என்றார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பெட்டியிலிருந்து ஐஸை விரட்டியது வாங்குகிற நாம்தான்.

வெளிநாட்டுக்காரர் எப்படி வாங்குகிறார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, இந்த வகை மீனில் ஒரு தொகுதிக்கு 9 மாதிரி எடுத்து ஹிஸ்டமின் அளவைச் சோதிப்பார்கள். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு மாதிரிகூட 200ஐத் தாண்டக் கூடாது. வாங்குகிறவர் கண்டிப்பாக நின்றால் ஒரு நாடே திருந்தும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பா இலங்கை மீனைத் தடை செய்தது. ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்பு, சட்டத் திருத்தம் என்று ஓடி ஓடிச் செய்து, 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. அது வேறு பிரச்சினைதான், தரப் பிரச்சினை இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு இருக்கும் பலம் அதில் தெரிகிறது. அந்தப் பலம் மல்லாவியில் அரைக் கிலோ சாளை வாங்கும் அம்மாவிடமும் இருக்கிறது.

கருவாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்காமல் மிஞ்சி, நிறம் மாறத் தொடங்கிய மீனை உப்புப் போட்டுக் காய வைக்கும் பழக்கம் கரையெங்கும் உண்டு. காய்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். உப்பும் வெயிலும் தண்ணீரைத்தான் எடுக்கும். ஏற்கெனவே உருவான ஹிஸ்டமின் கருவாட்டில் அப்படியே தங்கும், தண்ணீர் வற்றுவதால் நிறைக்கு நிறை இன்னும் கூடியிருக்கும். நல்ல மீனில்தான் நல்ல கருவாடு வரும்.

சரி, என்ன செய்யலாம்? தொழில் செய்கிறவர்களுக்கு: நம் வெக்கைக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் தேவை. கட்டியாகப் போடாமல் உடைத்து, மீனைச் சுற்றிப் படும்படி போடுங்கள். பெட்டியின் அடியில் துளை இருக்கட்டும், உருகிய தண்ணீரில் மீன் ஊறக் கூடாது. கடலுக்குப் போகும்போதே ஐஸ் கொண்டு போவது எல்லாவற்றிலும் நல்லது. சங்கங்கள் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் செலவு தாங்கும்.

வாங்குகிறவர்களுக்கு: கண் தெளிவா, செவுள் சிவப்பா என்று பார்ப்பதை விட வேண்டாம், ஆனால் அது மட்டும் போதாது. பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாக இருக்கும் மீனிலும் ஹிஸ்டமின் இருக்கலாம். மீனைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சில்லென்று இருந்தால் வாங்குங்கள். ஐஸ் வைத்திருக்கும் மீன்காரரிடம், அதற்காகத்தான் உங்களிடம் வாங்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் குடலையும் செவுளையும் எடுத்துவிடுங்கள், உடனே சமைக்காவிட்டால் குளிரில் வையுங்கள்.

மீன் சாப்பிட்டுச் சில நிமிடத்திலோ ஓரிரு மணித்தியாலத்திலோ முகமும் கழுத்தும் சிவந்து, தலையிடி, அரிப்பு, நெஞ்சு படபடப்பு, வயிற்றோட்டம் வந்தால், "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஒரே சட்டி மீன் சாப்பிட்ட பலருக்கும் வந்திருந்தால் ஹிஸ்டமினாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணியும், ஆஸ்பத்திரியில் மருந்தும் உண்டு. மூச்சு முட்டினாலோ தலை சுற்றி விழுந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். மிஞ்சிய மீனை எறியாமல் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். ஆஸ்துமா, இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு இது கடுமையாக வரலாம். காசநோய்க்கு ஐசோனியாசிட் குளிசை எடுப்பவர்களுக்கும் அப்படித்தான், ஏனென்றால் உடலில் ஹிஸ்டமினை உடைக்கும் நொதியை அந்தக் குளிசை தடுக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், குளிசை முடியும் வரை சூரையும் சாளையும் கும்பளாவும் கொடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.