பாத அறுவை சிகிச்சைக்கு எந்த நோய்க் குறியீடு போடுவது?

சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் உட்கார்ந்து அமெரிக்க சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளுக்கு, கோடிங் செய்கிறவர்கள் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றுகிறவர்கள்) நம்மில் ஏராளம். பாத அறுவை சிகிச்சை சார்ட் வந்துவிட்டால், புதியவர்கள் சிபிடி என்ற சிகிச்சைக் குறியீட்டு எண்ணைத் தேடுவதிலேயே பொழுதைப் போக்கிவிட்டு, கடைசி நிமிடத்தில் ஒரு ஐசிடி-10-சிஎம் நோய்க் குறியீட்டைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த அவசரம்தான் டினயலாக, அதாவது பணம் தர மறுப்பாக, திரும்பி வருகிறது. என்ன செய்தார்கள் என்பதைச் சிபிடி சொல்லும். ஏன் செய்தார்கள் என்பதை ஐசிடிதான் சொல்ல வேண்டும். நியாயமான, அவசியமான சிகிச்சைக்கு மட்டுமே மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) பணம் தரலாம் என்பது அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1862-ஆம் பிரிவு.

ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம். வலது பெருவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது; இரண்டாம் விரல் சுத்தியல்போல் மடங்கியிருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் சரிசெய்கிறார் சர்ஜன். பெருவிரலுக்குச் சிபிடி 28296, ஐசிடி எம்20.11. இரண்டாம் விரலுக்கு 28285, டி6 மாடிஃபையர் (வலது பாதத்தின் இரண்டாம் விரல் என்று காட்டும் துணைக்குறி), எம்20.41. பணம் கோரும் சிஎம்எஸ்-1500 படிவத்தின் 21-ஆம் கட்டத்தில் இரண்டு நோய்களும் ஏ, பி என்று உட்காரும். 24ஈ கட்டத்தில் முதல் வரிக்கு ஏ, இரண்டாம் வரிக்கு பி என்று காட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இரண்டு வரிக்கும் ஏ போட்டேன். இரண்டாம் வரி சிஓ-11 என்று திரும்பி வந்தது: நோய்க்கும் சிகிச்சைக்கும் பொருத்தமில்லை. மருத்துவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை, நான் போட்ட ஒற்றை எழுத்துதான் தவறு.

இடது, வலது தெரிந்திருந்தும் பக்கம் குறிப்பிடாத எம்20.10 போடாதீர்கள். வெளிநோயாளி அறுவை சிகிச்சையில், முடிந்தபின் உறுதியான நோய் முன்பு எழுதியதிலிருந்து மாறியிருந்தால் பின்னதையே எடுக்க வேண்டும். 'சந்தேகம்', 'இருக்கலாம்' என்று எழுதியிருப்பதை நோயாகக் கோடு செய்யக் கூடாது.

எலும்பு முறிவில் பலரும் தடுமாறுவது குறியீட்டின் ஏழாவது எழுத்தில். ஏ என்றால் முதல் வருகை என்று அர்த்தமில்லை, முறிவுக்கான தீவிர சிகிச்சை நடக்கிறது என்று அர்த்தம். வலது பாதத்தின் ஐந்தாம் மெட்டாடார்சல் (சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள பாத எலும்பு) விலகி முறிந்து, சிகிச்சை எடுத்தும் எலும்பு சேராமல் போய் மறுபடி அறுவை என்றால் எஸ்92.351கே. அந்த கே-தான் இரண்டாவது அறுவைக்கான காரணத்தைச் சொல்கிறது.

நிறைய கவனம் கேட்பது சர்க்கரை நோயாளியின் புண். இரண்டாம் வகை என்றால் முதலில் இ11.621, அதை அடுத்து எல்97 வரிசை. இந்த எல்97-இல் இடமும் பக்கமும் போதாது, ஆழமும் வேண்டும். வலது பாதத்தின் முன்பகுதியில் தோல் மட்டும் என்றால் எல்97.511, கொழுப்பு அடுக்கு தெரிந்தால் 512, தசை அழுகியிருந்தால் 513, எலும்பு அழுகியிருந்தால் 514. எலும்பு வரை அழுகியதை அகற்றியதாகச் சிபிடி 11044 போட்டுவிட்டு, பக்கத்தில் எல்97.511 வைத்தால் ஆடிட்டர் கேள்வி கேட்கத்தான் செய்வார். புண் இருக்கிறது என்பதை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்; ஆழத்தை மட்டும் நர்ஸின் குறிப்பிலிருந்து எடுக்க விதி இடம் தருகிறது. பலருக்கு இது தெரியாமல் ஆழம் குறிப்பிடாத எல்97.519 போட்டுவிடுகிறார்கள். நர்ஸின் பக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள்.

நகம் வெட்டுதல், காய்ப்பு சீவுதல் போன்ற வழக்கமான பாதப் பராமரிப்பை மெடிகேர் பொதுவாக ஏற்பதில்லை. ரத்த ஓட்டம் பாதிக்கும் நோய் இருந்து, பரிசோதனையில் அதற்கான அடையாளங்கள் பதிவாகியிருந்தால் க்யூ7, க்யூ8, க்யூ9 மாடிஃபையர்களோடு அனுப்பலாம்.

சிஓ-50 (மருத்துவ அவசியம் இல்லை) என்று டினயல் வந்தால், அந்தப் பகுதியின் எல்சிடி (எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சையை மெடிகேர் ஏற்கும் என்ற உள்ளூர் விதி) பட்டியலைப் பார்த்து, பணம் கிடைக்கிற குறியீடாக மாற்றச் சொல்லி யாராவது நெருக்குவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சார்ட்டில் இல்லாத நோயைக் கோடு செய்வது பொய்க் கிளெய்ம். அதோடு, இல்லாத நோய் ஒரு மனிதரின் மருத்துவப் பதிவில் தங்கிவிடும். ஆப்பரேஷன் ரிப்போர்ட்டைத் திரும்பப் படியுங்கள். தெளிவில்லையென்றால் மருத்துவருக்குக் கொயரி அனுப்புங்கள். குறியீடு சரியாகவே இருந்தால், டினயல் கிடைத்த நாளிலிருந்து 120 நாளுக்குள் ரிப்போர்ட்டை இணைத்து மேல்முறையீடு செய்யலாம்.