வெளிநாட்டில் பழைய கார் வாங்குகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

இந்த மாதமும் அதே கதைதான். 1960களில் வந்த கார் ஒன்றை வெளிநாட்டு விளம்பரத்தில் பார்த்து வாங்கியவர், வண்டி துறைமுகத்தில் இறங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டார். ஆவணத்தில் சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 3 என்று முடிகிறது, வண்டியில் இருக்கும் தகட்டில் 8. விற்றவர் போனை எடுப்பதில்லை. டெமரேஜ், அதாவது வண்டியை எடுக்காமல் துறைமுகத்தில் விட்டுவைப்பதற்கான கட்டணம், நாளுக்கு நாள் ஏறுகிறது. தகட்டின் தெளிவான போட்டோ ஒன்றை முன்பே கேட்டு வாங்கியிருந்தால் இந்த அலைச்சலே வந்திருக்காது.

இறக்குமதி, பதிவு வேலைகளைச் செய்து கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் முதல் வாக்கியம், “பழைய வண்டிதானே சார், இதுக்கெல்லாம் விலக்கு உண்டே!” தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மொத்தமாக எல்லாவற்றிலிருந்தும் விடுவிக்கும் விலக்கு என்று ஒன்று கிடையாது. நாட்டுக்குள் கொண்டுவர ஒரு வயது, சுங்கச் சலுகைக்கு ஒரு வயது, புகைச் சோதனைக்கு ஒரு வயது, சாலையில் ஓட்ட இன்னொரு வயது. ஒன்றைத் தாண்டிவிட்டால் மற்றதும் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு பெற வண்டிக்கு 25 வயது ஆக வேண்டும், புகை விதிகளுக்கு 21. ஆனால் புகை விலக்கு, மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான். வேறு இன்ஜின் ஏற்றியிருந்தால் கேள்வி வரும். கனடாவில் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு 15 வயதில். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேகரிப்புப் பொருள் என்ற சுங்கப் பிரிவில் வர, பொதுவாக 30 வயது ஆகியிருக்க வேண்டும், வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், அந்த மாடலின் உற்பத்தியும் நின்றிருக்க வேண்டும். அதே பிரிட்டனில் ஆண்டுச் சோதனைக்கு விலக்கு 40 வயதில்தான், அதுவும் பெரிய மாற்றம் எதுவும் செய்திராத வண்டிக்கு. இந்தியாவில் 2021-இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவுக்கு 50 வயது ஆக வேண்டும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகலாம் என்று கனவு கண்டு வாங்கியவரிடம் இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சரி, வயதை எங்கிருந்து எண்ணுவது? அமெரிக்காவின் 25 வயதைத் தயாரித்த மாதத்திலிருந்து எண்ணுகிறார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் மாடல் ஆண்டு அங்கே செல்லாது. ஜப்பானிலிருந்து வரும் ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பதோ முதல் பதிவு நடந்த மாதம். தயாரிப்பு அதற்குச் சில மாதங்கள் முன்னால் நடந்திருக்கலாம், அதற்குத் தனி ஆதாரம் தேவை. எம்.ஜி., ஆஸ்டின், மோரிஸ் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளுக்கு, தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துத் தயாரிப்புத் தேதி, அசல் இன்ஜின் எண், நிறம் எல்லாவற்றையும் எழுதித் தரும் ஹெரிடேஜ் சர்ட்டிஃபிகேட் இருக்கிறது. கொஞ்சம் செலவானாலும் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சேசிஸ் எண். 17 இலக்க எண் அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளின் எண் குட்டையாக இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 17 கட்டங்கள் உள்ள படிவத்தில் அதை எழுதும்போது யாராவது முன்னால் பூஜ்யங்களைச் சேர்த்துவிடுவார்கள், பிறகு எந்த ஆவணமும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. வண்டியில் எண் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் பேப்பரிலும் இருக்க வேண்டும். தகட்டின் போட்டோ மட்டும் போதாது. ரிவெட்டுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றிலும் பழைய பெயின்ட், ரிவெட் மட்டும் பளபளவென்று இருந்தால் தகடு கழற்றி மாட்டப்பட்டிருக்கிறது. சேசிஸிலேயே அடித்திருக்கும் எண்ணின் போட்டோவையும் கேளுங்கள். தர மறுக்கிறார்களா, வேறு வண்டி பாருங்கள்.

உரிமைப் பேப்பர் விஷயத்தில் இன்னொரு குழப்பம். பிரிட்டனின் வி5சி என்ற பதிவு ஆவணம் உரிமைச் சான்று அல்ல, அதை அந்த ஆவணத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதில் இருப்பது வண்டிக்குப் பொறுப்பானவர் என்று பதிவு செய்யப்பட்டவரின் பெயர் மட்டுமே, அவர்தான் உரிமையாளர் என்று சொல்ல முடியாது. எனவே அதோடு விற்பனை ரசீதும் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. நியூயார்க்கில் 1972 வரையிலான மாடல்களுக்கு டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் கொடுப்பதே இல்லை, வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கக்கூடிய பதிவுச் சான்றுதான் ஆவணம். ஊர் திரும்பியதும் பதிவு அலுவலகத்தில் டைட்டில் எங்கே என்று கேட்பார்கள், விளக்கம் கையில் இருக்கட்டும். வண்டி மேல் கடன் பாக்கி உண்டா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பழைய பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட் இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற நச்சு நார் இருக்கலாம். அங்கே 2003 கடைசியிலிருந்து அதற்கு முழுத் தடை. எல்லையில் பிடிபட்டால் சோதனையும் அகற்றும் செலவும் உங்கள் தலையில்தான். மாற்றவேண்டியதைக் கப்பல் ஏற்றும் முன்பே மாற்றுங்கள். இறக்குமதி அனுமதியும் கையில் வந்த பிறகே வண்டியை ஏற்றுங்கள்.

அப்புறம், வாங்கும் முன் உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். “ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்” என்று விற்பவர் சொன்னால், எந்த ஏஜென்ட், எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பேப்பரோடு பொருந்தவைக்க யாராவது எண்ணைத் தேய்த்துத் திரும்ப அடித்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுத்துப் பிழையை ஏற்றுமதி நாட்டிலேயே திருத்தி வாங்க வழி இருக்கிறது, ஆவணத்தைக் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். எண்ணில் கைவைத்துவிட்டால் பல நாடுகளில் அது குற்றம். அதன் பிறகு என்னால் எதுவும் செய்ய முடியாது.