டிக்கியில் 82

கறுப்பு வண்டி பளபளவென்று வந்து நின்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். கோயம்புத்தூரில் கார் டீடெய்லிங் கடை, அதாவது வண்டியைக் கழுவி, கீறல் எடுத்து, பாலிஷ் போடும் கடை வைத்து நடத்துகிற ஆளுக்கு இது தொழில் கொடுத்த புத்தி. போன மாதம் அப்படி ஒரு கறுப்பு மஸ்டாங் வந்தது. 2016-ல் ஃபோர்டு நம் நாட்டில் விற்கத் தொடங்கிய ஐந்து லிட்டர் வி8 வண்டி. இப்போது வைத்திருப்பவர் அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒரு வருடம் ஆகிறது.

"ஞாயித்துக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போகோணும் தம்பி. கண்ணாடி மாதிரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார்.

ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் ஏற்கெனவே கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அதை அணைத்துவிட்டு எல்இடி டார்ச்சை பானெட்டுக்கு அருகில் பிடித்தேன். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். ஸ்வர்ல் மார்க் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பெயரைக் கேட்டு வட்டக் கீறல் என்று நினைத்துவிட வேண்டாம். கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கும். அதில் வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது.

"தினமும் துடைக்கிறாங்களா?"

"காலையில அஞ்சரைக்கெல்லாம் வாட்ச்மேன் துடைச்சுருவாருங்க. ஒரு நாள் தவறுனதில்ல."

அதுதான் பிரச்சினை. திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. கிலோ கணக்கில் வாங்கி ஒர்க்‌ஷாப்பில் இருந்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வரை எல்லோரும் அதில்தான் துடைக்கிறார்கள். ஆயில் கையைத் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் அதன் ஓரத்தில் ஓவர்லாக் அடித்த பாலியஸ்டர் நூல் இருக்கும், சிலதில் லேபிளும் இருக்கும். அதைவிட மோசம், ராத்திரி முழுக்க வண்டியில் படிந்த தூசி. தூசி என்றால் பாதி மணல். தண்ணீர் விடாமல் அதைத் துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

சரி, கீறல் இருந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாமே என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பாலிஷ் என்றால் எதையோ மேலே பூசுவது என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. பழைய வீடுகளில் மொசைக் தரைக்கு பாலிஷ் போடும்போது பார்த்திருப்பீர்கள். மிஷின் ஓட ஓட வெள்ளையாகச் சேறு வழியும். அந்தச் சேறு வேறெங்கிருந்தும் வரவில்லை, அது உங்கள் தரைதான். கார் பாலிஷும் அதே கதைதான். கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைச் சீவி இறக்குகிறோம்.

சீவுவதற்கு எவ்வளவு இருக்கிறது? கம்பெனியில் அடித்த பெயின்ட் மொத்தமும் பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 140 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 100 சொச்சத்தில் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் ஒரு பூச்சு, அதன்மேல் ப்ரைமர், அப்புறம் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே 40, 50 மைக்ரானுக்கு நிறமில்லாத கிளியர் கோட். பளபளப்பு, வெயிலைத் தாங்கும் சக்தி எல்லாம் அந்த மேல் அடுக்கில்தான். ஒருமுறை காம்பவுண்ட், அதாவது சொரசொரப்பு அதிகமுள்ள பாலிஷ், போட்டு நன்றாக இழுத்தால் அதில் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்ப வராது. ரீபெயின்ட் ஒன்றுதான் வழி.

ஆகவே மிஷினைத் தொடும் முன் நான் கையில் எடுப்பது தடிமன் பார்க்கும் மீட்டர். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விலை குறைந்த மீட்டர்கள் இரும்புத் தகட்டின் மேல்தான் வேலை செய்யும். இந்த மஸ்டாங்கில் பானெட்டும் முன்பக்க ஃபெண்டர்களும் அலுமினியம். இரண்டையும் அளக்கும் மீட்டர் இல்லாதவர் பானெட்டில் எந்த எண்ணும் பார்க்காமலே மிஷினை வைப்பார். பம்பர் பிளாஸ்டிக், அங்கே என் மீட்டரும் ஊமைதான்.

கூரையில் 112. பானெட்டில் 108. இடது கதவு 115. வலது பின் ஃபெண்டரில் 260 வந்தது. அந்த இடம் ஒருமுறை ரீபெயின்ட் ஆகியிருக்கிறது. பட்டி பார்த்திருந்தால் எண் இன்னும் பல மடங்கு ஏறியிருக்கும், அந்த அளவுக்கு இல்லை. உரிமையாளருக்கு இதுவே புதுச் செய்தி. செகண்ட் ஹேண்டில் வண்டி எடுப்பவர்கள் மெக்கானிக்கோடு இந்த மீட்டர் வைத்திருக்கும் ஒருவரையும் கூட்டிப் போவது நல்லது. ஆக்சிடென்ட் ஆன வண்டியா என்று ஐந்து நிமிடத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.

டிக்கியில் வைத்தேன். 82. தள்ளி வைத்தேன். 84. மறுபடி 82.

மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆனால் மற்ற இடங்களில் 110-ஐ ஒட்டி இருக்கும் வண்டியில் ஒரே பேனல் 82 காட்டினால், யாரோ அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே காம்பவுண்டும் இழுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மிச்சமிருக்கும் கிளியர் கோட் பாதிகூட இருக்காது.

"டிக்கியில மிஷின் வைக்க மாட்டேனுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "மூணு நாள் கேக்கறீங்க, காசும் கேக்கறீங்க, டிக்கிய மட்டும் விட்டுருவேங்கறீங்க. நீங்க சொல்றதுல பாதிக் காசுக்கு ரெண்டு மணி நேரத்துல முழு வண்டியும் பண்ணித் தர்றேன்னு ஒரு கடையில சொல்றாங்களே?"

செய்து தருவார்கள்தான். அந்த இரண்டு மணி நேர பாலிஷில் என்ன நடக்கிறது என்று அவருக்குக் காட்டினேன். எண்ணெய்ப் பசையுள்ள ஒரு கிளேஸை பானெட்டின் ஓரத்தில் கையால் தேய்த்தேன். கீறல்கள் மறைந்தன. அவர் வாயைத் திறப்பதற்குள் ஆல்கஹால் கலந்த தண்ணீரைத் தெளித்து ஒரு துடை. வலை திரும்ப வந்துவிட்டது. கீறலுக்குள் எண்ணெய் போய் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். நாலு வாஷில் தானாகவே இதே கதிக்கு வந்திருக்கும். எந்தக் கடையில் பாலிஷ் போட்டாலும் சரி, வண்டியை எடுக்கும் முன் ஒரு பேனலை இப்படித் துடைத்து, வெயிலில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிவப்பு ஹேட்ச்பேக் கதவில் ரோட்டரி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். கதவின் மடிப்புக் கோட்டில் ஒரு நொடி அதிகம் நின்றுவிட்டது. மிஷின் முனையில் பாலிஷைத் தேய்க்கும், வெள்ளையாக இருந்த பேடில் சிவப்பு ஒட்டியது. பழைய அம்பாசடரில் கிளியர் கோட்டே கிடையாது, அதனால் பேடில் நிறம் வருவது சகஜம். இந்தக் காலத்து வண்டியில் நிறம் வந்தால் கிளியர் கோட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மடிப்பிலும் ஓரத்திலும் பெயின்ட் மெல்லிசாகத்தான் நிற்கும், ரோட்டரியின் சூடும் அங்கேதான் சேரும். அந்தக் கதவை என் காசில் ரீபெயின்ட் அடித்துக் கொடுத்தேன். இப்போது பெரும்பாலும் டிஏ மிஷின்தான். சுழன்றுகொண்டே ஆடும், சூடு குறைவு, வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஓரங்களில் டேப் ஒட்டாமல் ஆரம்பிப்பதே இல்லை.

மஸ்டாங்கின் முதல் நாள் கழுவுவதிலேயே போனது. பிரேக் பேடிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் பெயின்டில் குத்தி நிற்கும். அதற்கான திரவத்தைத் தெளித்தால் அந்தப் புள்ளிகள் ஊதாவாகி வழியும். ஸ்போர்ட்ஸ் கார்களில் பிரேக்கும் பெரிசு, பின் ஃபெண்டர்களும் அகலம், அங்கே ஊதா ஆறாக ஓடியது. அப்புறம் களிமண் மாதிரி இருக்கும் கிளே வைத்து உருட்டி மீதியை எடுத்தேன். இரண்டாம் நாள் பானெட்டில் இரண்டடிச் சதுரத்தில் மட்டும் மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும் வைத்துப் பார்த்தேன். நூற்றுக்கு எண்பது கீறல் போனது. காம்பவுண்டுக்கு இறங்கினால் எல்லாமே போயிருக்கும். எனக்கு எண்பது போதும் என்றேன். அவரும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

டிக்கியில் கையால் மெழுகு மட்டும்.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் கீறலே விழாதாமே என்று கேட்டார். 9எச் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து வைரம் மாதிரி என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அந்த எச், பென்சில் முனையின் கடினத்தைக் குறிப்பது. 9எச் பென்சில் கீறவில்லை என்றால் மணல் கீறாது என்று ஆகாது. கோட்டிங் போட்டால் அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம். அதற்காகப் போடலாம். ஹைவேயில் தெறிக்கும் கல்லுக்கு பிபிஎஃப் என்கிற பிளாஸ்டிக் படலம்தான் வழி. எதைப் போடுவதாக இருந்தாலும் அதற்கு முன் கீறலை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கீறலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டின மாதிரி ஆகிவிடும்.

இன்னும் சில விஷயங்களையும் அவரிடம் சொல்லி அனுப்பினேன். போர்த் தண்ணியில் கழுவினால் வெயிலுக்கு முன் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும், உப்பு வளையம் காய்ந்து பெயின்டை அரித்தால் அதற்கும் பாலிஷ்தான் வைத்தியம். சிறுவாணித் தண்ணி கிடைத்தால் யோகம். காக்கை எச்சத்தை மாலை வரை விடக் கூடாது, சூட்டில் இளகிய கிளியர் கோட் குளிரும்போது எச்சத்தை அச்சு எடுத்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தை பானெட்டில் வைக்காமல் கண்ணாடியில் வையுங்கள். சாமி ஒன்றும் சொல்லாது. காய்ந்த சந்தனத்தை மறுநாள் நகத்தால் சுரண்டிய கறுப்பு வண்டிகளை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

சனிக்கிழமை வண்டியை அவர் வீட்டில் விட நானே போனேன். கையோடு இரண்டு பக்கெட், நாலு மைக்ரோஃபைபர் துணி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் அலசத் தண்ணீர், துடைப்பதற்கு முன் ஹோஸில் அடித்து மணலை இறக்கிவிட வேண்டும் என்று வாட்ச்மேனுக்குக் காட்டினேன். வாரம் ஒரு தடவை போதும், தினமும் தொடாதீங்க பெரியவரே என்றேன்.

அவர் பனியன் துணியைத் தோளில் போட்டபடியே வண்டியையும் என்னையும் பார்த்தார்.

"தூசியோட நின்னா அய்யா என்னையத்தான் திட்டுவாருங்க. நீங்க இதை அவருகிட்டச் சொல்லீட்டுப் போயிருங்க."