ரோலர் கோஸ்டர்: சறுக்கா, சரிவா?

பொழுதுபோக்குப் பூங்காவில் மேடும் பள்ளமுமான தடத்தில் பாய்ந்தோடும் வண்டியான ‘ஸ்டீல் ரோலர் கோஸ்டர்’, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கோஸ்ட் என்றதும் நமக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். ரோலர் கோஸ்டரில் இருக்கும் கோஸ்டும் அதற்குச் சொந்தம்தான், ஆனால் கொஞ்சம் தூரத்துச் சொந்தம். இரண்டுக்கும் மூலம் லத்தீனில் உள்ள ‘கோஸ்டா’. அதற்கு விலா எலும்பு என்று பொருள். விலா என்பது பக்கம். கடலின் பக்கம் கரையானது, மலையின் பக்கம் சரிவானது. நம் ‘சாரல்’ வந்த வழியும் ஏறக்குறைய இதுவே. ‘சார்’ என்ற வேரிலிருந்து வந்த அந்தச் சொல் மலையின் சரிந்த பக்கத்தைக் குறித்தது. இப்போது சாரல் என்றால் பலருக்கும் தூறல் மட்டும்தான்.

பிறகு அமெரிக்க ஆங்கிலத்தில் ‘கோஸ்ட்’ ஒரு வினைச்சொல்லாகவும் ஆனது. பனிச்சரிவில் பலகை வண்டியில் உட்கார்ந்து யாரும் தள்ளாமல் இறங்கிப் போவதுதான் கோஸ்ட் செய்வது. இறக்கத்தில் மிதிக்காமல் சைக்கிளை விடுகிறோமே, அதற்கும் இதே சொல்தான். ‘ரோலர்’ உருளையைக் குறிக்கும். பலகை வண்டி வழுக்கிப் போகத் தொடக்கத்தில் சரிவில் உருளைகளைப் பதித்திருந்தார்கள், அதனால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு.

பெயரின் உயிர் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. வண்டி முதல் மேட்டில் ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சங்கிலி இழுக்க இழுக்க, வண்டியின் அடியில் உள்ள கொக்கி தண்டவாளத்தின் நடுவே இருக்கும் படிப்பற்களில் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் அது. சங்கிலி விட்டுப்போனாலும் வண்டி பின்னால் உருளாமல் அந்தப் பல் பிடித்துக்கொள்ளும். உச்சியைத் தாண்டியதும் சங்கிலி வண்டியை விட்டுவிடும், சத்தமும் நின்றுவிடும். அப்புறம் நடப்பதெல்லாம் கோஸ்ட்தான். வண்டியில் மோட்டார் கிடையாது. முதல் மேட்டில் சேர்த்த உயரத்தைச் செலவழித்தே மீதி வளைவுகளையெல்லாம் கடக்கிறது.

பிற மொழிகள் இந்தப் பெயரை மொழிபெயர்க்க மெனக்கெடவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் பனிக்கட்டி படரவிட்டுச் சறுக்கி விளையாடினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ரஷ்ய மலைகள்’ என்றார்கள். 1817இல் பாரிஸில் சக்கர வண்டியாகவே அது ஓடியது. ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இன்றுவரை ரஷ்ய மலைதான். ரஷ்யர்களோ அதையே ‘அமெரிக்கக் குன்றுகள்’ என்கிறார்கள்! காரணம் இல்லாமல் இல்லை. 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் அமைத்த சரிவு ரயில்தான் இந்த விளையாட்டைப் பெரிய வியாபாரமாக்கியது. கட்டணம் 5 சென்ட், வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்.

சரி, ‘ஸ்டீல் ரோலர் கோஸ்டர்’ என்பதில் ‘ஸ்டீல்’ எதற்கு? தாங்கி நிற்கும் தூண்களுக்காக அல்ல, தடத்துக்காக. மரக் கோஸ்டரில் பலகைகளை அடுக்கி, அதன்மேல் தட்டையான இரும்புப் பட்டை பதிப்பார்கள். ஸ்டீல் கோஸ்டரில் தடமே எஃகுக் குழாய். 1959இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் திறந்த மேட்டர்ஹார்ன்தான் குழாய்த் தடத்தில் ஓடிய முதல் கோஸ்டர். சக்கரங்கள் குழாயின் மேலே, பக்கவாட்டில், அடியில் என மூன்று பக்கமும் கவ்விக்கொள்வதால் வண்டி தலைகீழானாலும் தடத்தை விட்டு விலகாது. எஃகு என்ற சொல்லில் நமக்குக் குறையே இல்லை. பழந்தமிழில் அது வேலையும் கூரிய படைக்கலத்தையும் குறித்த சொல்.

கோஸ்டருக்குத்தான் சொல் வேண்டும். ‘உருளைச் சறுக்கி’ என்றால் சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சக்கரத்தில் ஓடுவதைச் சறுக்குகிறது என்று நாம் சொல்வதில்லை. போதாததற்கு, ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்று கேட்டு வளர்ந்தவர்களை நூறடி உயரத்தில் உட்காரவைத்துவிட்டு, வண்டியின் பெயர் சறுக்கி என்றால் எப்படி இருக்கும்? ராட்டினம் என்ற சொல்லும் ஒத்துவராது. அது நின்ற இடத்தில் சுற்றுவது.

என் விருப்பம் ‘சரிவோடி’. நாடோடி, முன்னோடி போல. ‘எஃகுச் சரிவோடி’ என்று நீட்டினாலும் நாக்கில் இடறவில்லை. ஆனால் ‘வாழ்க்கை ஒரு ரோலர் கோஸ்டர்’ என்று எழுதும் இடத்தில் இதைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். அங்கே ‘மேடு பள்ளம்’, ‘ஏற்ற இறக்கம்’ என்று நம்மிடம் ஏற்கெனவே உண்டு.

ஒரு மறுப்பு வரலாம். அபுதாபியில் 2010இல் திறந்த ஃபார்முலா ரோஸா என்ற கோஸ்டர் சமதளத்திலேயே உந்தப்பட்டு மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறதே, அதில் சரிவு எங்கே என்று. நியாயமான கேள்விதான். ஆனால் ஜெர்மானியர்கள் இதை ‘ஆக்டர்பான்’, அதாவது எட்டு வடிவத் தடம், என்றுதான் சொல்கிறார்கள். தடம் எட்டு போட்ட காலம் போய்விட்டது, பெயரை அவர்கள் மாற்றவில்லை.